ஜெயவேலு வண்டிக்குப் பேட்டரி வாங்கின கதை

என் பேத்திக்கு இப்போது நாலாம் மாசம் நடக்கிறது. பேர் யசோதரை. பிறந்த அன்றைக்கு அவள் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என்னைத்தான். "அந்த நேரத்துல கொழந்தைக்கு எதுவும் சரியா தெரியாது தாத்தா" என்று அங்கே இருந்த நர்ஸ் பெண் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பெண். பேத்தி பேச்சை எடுத்தால் நான் நிறுத்துவதே இல்லை என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால் அவளை இதோடு விட்டுவிட்டு, அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன்.

என் பேர் அறிவு. படித்தது நாலாங்கிளாஸ். தண்டையார்பேட்டையில் பிறந்து, அங்கே குடோனிலும் ஹார்பர் ஷெட்டிலும் மூட்டை தூக்கி, இப்போதும் தண்டையார்பேட்டையிலேயே இருக்கிறேன். என் மகள் மாயாவைக் காத்திவாக்கத்தில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை நிலவன், என் பழைய தோஸ்து ஜெயவேலுவின் மகன். காலமெல்லாம் மாமு, மாமு என்று கூப்பிட்ட ஆளை ஒரே நாளில் சம்பந்தி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, "மாமு, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி அன்றைக்கு என்னைப் பேசின பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

ஜெயவேலு ஹார்பரில் பேட்டரி ரூம் ஆள். ஷெட்டுக்குள் புகை கூடாது என்பதால் அங்கே ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். ஷிப்ட் முடிந்தால் அந்த வண்டிகள் ஓய்ந்துபோய் ஊர்ந்து ஊர்ந்து அவனிடம் வரும். அவன் மூடியைத் திறந்து பார்த்து, சார்ஜில் போட்டு, தண்ணீர் விட்டு, துடைத்து, அடுத்த ஷிப்டுக்கு அனுப்புவான். வந்த வண்டியை உடனே சார்ஜில் போட வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கிடையாது. கப்பல் நிற்கும்போது வண்டி நின்றுவிட்டால் மேஸ்திரியிலிருந்து பெரிய ஆபீசர் வரைக்கும் ஜெயவேலு பேரைச் சொல்லித்தான் கத்துவார்கள். அவன் இருந்த வரைக்கும் யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

வெயில் காலத்தில் மதியச் சோற்றுக்கு நான் அங்கேதான் போவேன். பெரிய காற்றாடி ஓடும். ஆனால் உள்ளே சாப்பிட விடமாட்டான். "ஆசிட் ரூமு இது, உன் வூட்டு கூடமா? கைய கழுவிகினு வெளில குந்து" என்பான். வாசலில் குந்தி அவன் டிபன் பாக்ஸைத்தான் நான் முதலில் திறப்பேன். அவன் சம்சாரம் ரமாபாய் வைக்கும் கவலை மீன் குழம்பு அப்படி இருக்கும். அவன் காக்கிச் சட்டை முழுக்க ஆசிட் தெறித்த ஓட்டை. "எம் புருசன் ஹார்பருக்கு போறாரா, எலி வளைக்கு போறாரா, ஒண்ணும் புரில அறிவு" என்று ரமாபாய் அக்கா என்னிடம் கேட்கும்.

அக்காவுக்கு இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீர் தரையில் நின்று நின்று முட்டி இரண்டும் போய்விட்டது. ஜெயவேலு ரிடையர் ஆனதும் வியாசர்பாடியை விட்டுக் காத்திவாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்தார்கள். தெருவின் ஒரு பக்கம் மெயின் ரோடு, இன்னொரு பக்கம் மணல், அதற்கு அப்பால் கடல். அக்கா ஆசைப்பட்டுத்தான் அந்த வீட்டை வாங்கினார்கள். வந்து பார்த்தால் அந்த மணல் வரைக்கும்கூட அக்காவால் நடக்க முடியவில்லை. அவ்வளவு கிட்டே போக ஆட்டோக்காரனும் வரமாட்டான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சத்தம் மட்டும் கேக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் ஒரு நாள் ஜெயவேலு எனக்கு போன் பண்ணினான்.

"மாமு, வண்டி ஒண்ணு எடுத்துகினேன்."

"பைக்கா? உன் வயசுக்கு எதுக்குடா பைக்கு?"

"பைக்கு இல்ல. காரு மாரி. கதவு இல்ல."

"கதவு இல்லாத காரு இன்னா காரு? எவன்டா உன் தலைல கட்டினான்?"

போய்ப் பார்த்தேன். கோல்ஃப் வண்டி. எண்ணூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் நின்றது. வெளிநாட்டு ஆட்கள் வந்தால் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வாங்கினார்களாம். வெளிநாட்டு ஆட்கள் எங்கே அவ்வளவு வந்தார்கள்? சீட்டில் ஒட்டின பிளாஸ்டிக் கூடக் கிழியாமல் இருந்தது. காயலான் கடைக்கு வந்ததை இவன் பார்த்துவிட்டான். முன்னால் இரண்டு பேர், பின்னால் திரும்பி உட்கார இரண்டு பேர். சீட்டைத் தூக்கினால் கீழே ஆறு பேட்டரி. அதைப் பார்த்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பழைய சிநேகிதன் கிடைத்த மாதிரி.

அதிலிருந்து தினம் சாயந்தரம் அக்கா முன் சீட்டில் ஏறிக்கொள்ளும். மடியில் ஒரு பொட்டலம் சுண்டல். சம்பளத்துக்கு வைத்த டிரைவர் மாதிரி ஜெயவேலு வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டுவான். மணல் ஓரத்தில் நிறுத்தி, விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் இரண்டு பேரும் இறங்காமலே உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வந்ததும் வண்டியைச் சார்ஜில் போடுவான். ஹார்பர் புத்தி, உடனே போட்டாக வேண்டும். அதன் பிறகுதான் கால் கழுவுவான்.

அந்தத் தெருவில் இதனால் ஒரு பழக்கமே வந்துவிட்டது. கல்யாணம் ஆகி வருகிற மருமகள், பிரசவம் முடிந்து குழந்தையோடு வருகிற பெண், யாராக இருந்தாலும் மெயின் ரோட்டில் இறங்கி ஜெயவேலு வண்டியில்தான் வீட்டுக்கு வருவார்கள். அக்கா முன்னால் உட்கார்ந்து, "வழி வுடுங்க, வழி வுடுங்க, மகாராணி வராங்கோ" என்று கத்திக்கொண்டு வரும். என் மாயாவும் அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனாள்.

போன மழைக்காலத்தில் அக்கா போய்விட்டது. காய்ச்சல் என்று படுத்தது, எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பிறகு வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை. தெருவில் யாராவது விசேஷத்துக்கு வந்து கேட்டால் ஜெயவேலு ஒரே பதில்தான் சொல்வான். "சார்ஜ்ல கீது." காலையில் கேட்டாலும் சார்ஜ்ல கீது, மதியம் கேட்டாலும் சார்ஜ்ல கீது. கொஞ்ச நாளில் யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மாயா பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் மாசம் குழந்தையைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்லது என்று பேசி, சொல்லிவிட்டு வரலாம் என்று நான் காத்திவாக்கம் போனேன். நிலவனும் வீட்டில் இருந்தான்.

வாடகைக் காரில் கூட்டிவருகிறோம் என்றதும் ஜெயவேலு எழுந்து நின்றுவிட்டான். "ரோட்டு வரைக்கும் உன் காரு. அப்பால எம் பேத்தி என் வண்டிலதான் வரும். ஊரான் வூட்டு கொயந்தைங்கல்லாம் வந்த வண்டி மாமு அது. எம் பேத்தி ஆட்டோல குலுங்கிகினு வந்தா உங்க அக்கா என்ன சும்மா வுடுமா?"

கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தான். சாவியைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினான். விளக்குக்கூட எரியவில்லை.

"சார்ஜ்லதானே கீது" என்றான். நேற்றும் போட்டேன் என்றான். சுவரில் மாட்டியிருந்த சார்ஜரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நிலவன் சீட்டைத் தூக்கினான். பேட்டரிகள் விலா வீங்கி நின்றன. முனையெல்லாம் வெள்ளை பூத்து, தட்டு அரித்துப்போய்க் கிடந்தது.

"நைனா, லித்தியம் போட்டுடலாம்" என்றான் நிலவன். "தண்ணி ஊத்த வேணாம், ஆசிட் வேணாம். மாச கணக்குல நின்னாலும் சார்ஜ் அப்டியே இருக்கும். போட்டுட்டு மறந்துடலாம்."

"எத்த மறக்க சொல்ற?" என்று கேட்டான் ஜெயவேலு.

நிலவன் சீட்டை இறக்கி மூடினான்.

மறுநாள் இரண்டு பேட்டரியைக் கழற்றி ஒரு குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி டோல்கேட் கொண்டுபோனோம். அங்கே சௌக்கத் அலி பாயின் பேட்டரிக் கடை இருக்கிறது. ஆட்டோ, படகு, வீட்டு இன்வெர்ட்டர் என்று எல்லாப் பேட்டரியும் பார்ப்பவர். வண்டியிலிருந்து இறக்கும்போது, மூட்டை தூக்கின உடம்பு என்று நான் கை வைத்தேன். தூக்கினது நிலவன்தான். நான் தூக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"வாங்கோ ஹார்பர்காரரே" என்றார் பாய். "நீங்களே ஒரு பேட்டரி ரூமு, உங்களுக்கு நான் எதுக்கு?"

"ஆசிட்டு கண்ணுல படக்கூடாதுன்னு எம் புள்ள சொல்றான். நீயே சொல்லு பாய்."

பாய் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். விலாவைத் தட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஜெயவேலுவைப் பார்த்தார்.

"வேலை செஞ்சு செஞ்சு செத்த பேட்டரி பாத்துகீறேன். பட்டினி கெடந்து செத்ததும் பாத்துகீறேன். இது தின்னு தின்னு செத்துகீது."

"இன்னா பாய் சொல்ற?"

"வேலையே செய்யாத பேட்டரிய தெனம் சார்ஜ்ல போட்டுகீறீங்கோ. பழைய சார்ஜரு, தானா நிக்காது. ரொம்பின வயித்துல ஊட்டினா இன்னா ஆவும்? தண்ணி கொதிச்சு போச்சு, தகடு உதிந்து போச்சு."

ஜெயவேலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனுக்கே பேட்டரி பாடம் எடுக்கிறியா? நீ டவுசர் போட்டுகினு இருந்தப்போ நான் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு தண்ணி வுட்டவன்."

"அந்த வண்டிங்க ஓடிட்டு வந்துச்சு ஹார்பர்காரரே" என்றார் பாய், கோபமே இல்லாமல். "சரி, அது போனது போச்சு. புதுசு எடுக்கணும். மூணு வகை கீது. ஒண்ணு, தண்ணி வுட்ற பேட்டரி. வெல கம்மி, ஆனா ஆளு பாக்கணும். ரெண்டாவது, மூடி தொறக்காத பேட்டரி. தண்ணி வேணாம், ஆனா ஓவரா சார்ஜ் போட்டா போச்சு, காப்பாத்த முடியாது. மூணாவது, தம்பி சொல்ற லித்தியம். எடை கம்மி, வருச கணக்குல ஒழைக்கும், வெல கேட்டா நீங்க குந்திடுவீங்கோ. தெனம் நல்லா ஓட்றவனுக்கு அது போட்டா வாங்கின துட்டு திரும்பும். நிக்கிற வண்டிக்கு எதுக்கு? அதனால மொதல்ல ஒண்ணு சொல்லுங்கோ. வண்டி எவ்ளோ ஓடும்?"

"தெனம் ஓடும்" என்றான் ஜெயவேலு.

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"தெனம் சாயந்தரம் கடக்கரைக்கு போவுது, வருது. அவளுக்கு முட்டி வலி பாய், நடக்க மாட்டா. கொஞ்ச தூரம்தான், ஆனா ஒரு நாளு வுட மாட்டா. மழ வந்தாலும் குட புடிச்சிகினு போலாம்பா."

பாய்க்கு விஷயம் தெரியாது. "தெனம்னா அப்போ பெருசே எடுத்துடலாம்" என்று உள்ளே கை நீட்டினார். ஜெயவேலு சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அவன் மனசில் இருந்த பதிலைச் சொன்னான்.

நிலவனால்தான் தாங்க முடியவில்லை. "நைனா, வண்டி எங்க நைனா ஓடுது? அம்மா போனதுலருந்து வண்டி வெளிலயே வரலியே."

ஜெயவேலு எழுந்தான், செருப்பைப் போட்டான், கடையை விட்டு இறங்கி நடந்தான்.

நான் பின்னாலேயே ஓடினேன். அந்த ரோட்டில் ஓடுகிற வயசா எனக்கு? இப்போது இவன் வீட்டுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை குழந்தை ஆட்டோவில்தான் போகும், அதற்குப் பிறகு அந்தத் தார்ப்பாயை அவன் எடுக்கவே மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து ஒரு டீக்கடைக்கு இழுத்துப்போனேன்.

டீ வந்தது. குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"சாயந்தரம் ஆனா கை தானா போய் பிளக்க சொருவுது மாமு" என்றான். "வண்டி வந்துச்சா, வர்லியா, எவன் பாத்தான். அப்பால போய் கால் கழுவிகினு வந்து குந்திடுவேன். ஏதோ போய்ட்டு வந்தா மாரியே இருக்கும்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. யாராவது அழுதால் நான் முதலில் எழுந்து போகிற ஆள். எனக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் ஒரே விஷயம்தான், அதைத்தான் பேசினேன்.

"இங்க பாரு மாமு. ஞாயித்துக்கிழம புள்ள வருது. அத்தயும் நீ இப்டித்தான் பாத்துப்பியா? வயிறு ரொம்பி தூங்குறத எழுப்பி எழுப்பி பாலு குடுப்பியா? மாயா உன்ன வெளக்கமாத்தால அடிப்பா. எம் பொண்ணு அவ, எனுக்கு தெரியும்."

அவன் வாய் கொஞ்சம் கோணிற்று. சிரிப்பா, என்னவென்று தெரியவில்லை.

"அதுக்கு எப்போ பசிக்கும்னு எப்டி தெரியுது?"

"கத்தும். தெருவுக்கே கேக்கும். அக்கா வழி வுடுங்கன்னு கத்துமே, அந்த மாரி." தப்பான இடத்தில் வாயை விட்டேனோ என்று பார்த்தேன். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தான்.

"பேட்டரி கத்தாதே மாமு."

"கத்தாது. அதனாலதான் உன்ன வெச்சிகினு கீறோம், மூடி தொறந்து பாக்க. தெனம் எதுக்குடா தொறக்குற? அது பாட்டுக்கு கெடக்கட்டும். வேணும்போது பாரு."

அவன் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தான். காசை நான்தான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பிப் போனபோது பாயும் நிலவனும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பையன் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. பாய் எழுந்து ஜெயவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயவேலு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"தப்பா சொல்ட்டேன் பாய். வண்டி வாரத்துல ஒரு நாளு, ஞாயித்துக்கிழம ஓடும். தெருவுல ஏதாச்சும் விசேசம்னா ஓடும். மத்தபடி நிக்கும்." பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாலும் அவன் பார்த்தது நிலவனை.

"ஒரு நாளுதானே? அப்போ லித்தியம் வேணாம், துட்ட கொட்டாதீங்கோ" என்றார் பாய். "தண்ணி பேட்டரியே போதும். மாசத்துக்கு ஒரு தபா மூடி தொறந்து பாருங்கோ. ஓட்டிட்டு வந்த அன்னிக்கு மட்டும் சார்ஜ் போடுங்கோ. ரொம்ப நாளு நின்னாலும் ஒரு தபா போடுங்கோ, அவ்ளோதான். ஆனா ஆறும் ஒரே நேரத்துல வந்த சரக்கா போடணும். பழசுல ரெண்டு நல்லா கீதுன்னு கலந்தீங்கோ, பழசு புதுசையும் இழுத்துகினு போய்டும்."

"தெரியும் பாய். நான் ஹார்பரு."

"தெரியும்னு எனுக்கும் தெரியும். அப்பால சார்ஜரயும் மாத்துங்கோ. இது புதுசு, ரொம்பினா தானா நின்னுக்கும்."

ஜெயவேலு அந்தச் சார்ஜரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தானா நின்னுக்குமா? அப்போ நான் எதுக்கு?"

"அது நின்னுச்சான்னு பாக்க" என்றான் நிலவன். அப்பனும் மகனும் அந்தப் பேச்சுக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் பேசிக்கொண்டது அப்போதுதான். "தண்ணி பேட்டரியே எடுத்துக்கலாம் நைனா. நீதான் பாத்துக்க போற."

பிறகு ஜெயவேலு பேட்டரி பொறுக்க உட்கார்ந்தான். ஆசிட் பதம் பார்க்கிற, மிதவை போட்ட கண்ணாடிக் குழாயைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு அறையிலும் விட்டுப் பார்த்தான். ஒன்றை ஒதுக்கினான். இன்னொன்றின் மேல் ஒரு கீறல் என்றான். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்க போறவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்கோ. மாலையாவுதுபா, கடைய மூடணும்." ஹார்பரில் பார்த்த அதே ஜெயவேலு. சட்டையில் ஓட்டைதான் இல்லை.

சனிக்கிழமை பேட்டரிகளை மாட்டினார்கள். தட்டில் பூத்திருந்த வெள்ளையை ஜெயவேலு ஆப்ப சோடாத் தண்ணீர் விட்டுக் கழுவினான். நிலவன் சாவியைத் திருப்பினதும் சன்னமாக ஒரு சத்தம் வந்தது. வேறு யாராவது இருந்தால் கேட்டிருக்காது. ஜெயவேலு அதை நின்று கேட்டான். ஏறி உட்காரவில்லை. "சரியா கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் காரில் போய் மெயின் ரோட்டில் இறங்கினோம். வண்டி துடைத்துத் தயாராக நின்றது. ஜெயவேலு வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டியரிங் பிடித்திருந்தான். குழந்தையை வைத்துக்கொண்டிருந்த மாயா முன் சீட்டைப் பார்த்தாள். அது அக்கா உட்காருகிற இடம். பின்பக்கம் போனாள்.

"அங்க எங்கம்மா போற? பின்னால குலுங்கும்" என்றான் ஜெயவேலு. பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தான், தூசியே இல்லை. "இங்க குந்து."

மாயா உட்கார்ந்தாள். பின் சீட்டில் நானும் என் வீட்டுக்காரியும் திரும்பி உட்கார்ந்தோம். வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும். வலை தூக்கிக்கொண்டு போன ஒருத்தர் எங்களைத் தாண்டிப் போனார். எதிர் வீட்டு கரோலின் அம்மா வாசலில் இருந்து கத்தினார்: "ஜெயவேலு, புது பேட்டரின்னு சொன்ன? நடந்து போனா சீக்கிரம் போய்டலாம் போலகீதே!"

"பேட்டரி புதுசுதான்மா. டிரைவருதான் பழசு."

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். வண்டி வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அந்த முகங்களெல்லாம் தெரிந்தன. தட்டைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார்கள்.

"யோவ், வூடு இங்க கீது!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"பச்ச கொயந்தைக்கு கடக்காத்து ஆவாது, வண்டிய திருப்புங்கண்ணே!" என்று என் வீட்டுக்காரி கத்தினாள்.

"புது பேட்டரிமா. மொத நாளு கொஞ்சம் ஓடணும். பாய் சொன்னாரு."

பாய் அப்படி எதுவும் சொல்லவில்லை. நானும் கூடவேதான் இருந்தேன்.

மணல் ஓரத்தில் வண்டி நின்றது. மாயா துணியை இழுத்துக் குழந்தையின் காதை மூடினாள். யசோதரை ஒரு கொட்டாவி விட்டாள். அவ்வளவு அழகாகக் கொட்டாவி விடுகிற குழந்தையை நான் பார்த்ததில்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள். ஜெயவேலு கடலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கழித்து அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, மகாராணிக்கு தூக்கம் வருது, போலாம்" என்று வண்டியைத் திருப்பினான். வாசலில் வாங்கின திட்டுக்கு அளவே இல்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் காத்திவாக்கம் போகிறேன். பின் சீட் எனக்கு. நேற்று மாயா போன் பண்ணினாள். திங்கட்கிழமையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார்களாம். செவ்வாயும் போனார்களாம். புதன்கிழமை மழைத் தூறல், குடை பிடித்துக்கொண்டு போனாராம் மாமா. வாரத்துக்கு ஒரு நாள் ஓடுகிற வண்டிக்கு என்று பாய் பார்த்துக் கொடுத்த பேட்டரி அது. டோல்கேட் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும்.